கறுப்பு வட்டத்துக்கு மேலே ஊதா எழுத்து

ருஃபீனா தகுயான் ஜெயித்தவை இவை. மணிலாவின் எஸ்கோல்டா தெருவில் கைக்கடிகாரம் பழுதுபார்ப்பவரோடு பங்கு போட்டுக்கொண்ட அரைக் கடை. ஆண்கள் மட்டுமே உட்கார்ந்து பழகிய ஞாயிறு மேசையில், ஜன்னல் ஓரத்து நாற்காலி. அந்த மேசையில் யாருடைய தபால்தலையையும் லென்ஸுக்கு அடியில் வைத்துப் பார்க்கும் உரிமை. ஒரே வாரத்தில் கெட்டுப்போய், பிறகு மீண்ட பெயர். இவற்றில் எதையும் யாரும் அவளுக்குத் தட்டில் வைத்துக் கொடுக்கவில்லை. கடைசியில் சொன்னதை ஜெயிக்கத்தான் அவள் கடையையும் நாற்காலியையும் பணயம் வைக்க வேண்டியிருந்தது.

இந்த வரிசையை மாற்றாமல் ஒப்பிக்க அவளுடைய அக்கா ஹெர்மினியாவால் முடியும். மணிலாவின் சம்பாலோக் பகுதியில் பள்ளிச் சீருடை தைப்பவள் ஹெர்மினியா. ஆறாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. ஆனால் அவள் தைத்த பாவாடையின் மடிப்புகள் ஒன்றுக்கொன்று நூலளவு பிசகாது. எல்லோருக்கும் அவள் மீனியா. கழுத்தில் அளவு நாடா இல்லாமல் அவளைப் பார்த்தவர்கள் குறைவு.

இருவரும் லெய்டே தீவில் பிறந்தவர்கள். மணிலாவுக்கு வந்த பிறகு ருஃபீனாவுக்கு, அதாவது பினாவுக்கு, கப்பல்களுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சி ஒன்றில் தபால் பிரிக்கும் வேலை கிடைத்தது. ராட்டர்டாமிலிருந்தும் பூசானிலிருந்தும் சாந்தோஸிலிருந்தும் உறைகள் வரும். கடிதத்தை எடுத்துக்கொண்டு உறையைக் குப்பையில் போடுவார்கள். பினா உறையின் மூலையை வெட்டி எடுத்துக்கொள்வாள். வீட்டில் ஐஸ்கிரீம் டப்பாவில் தண்ணீர் ஊற்றி ஊறவைத்து, தபால்தலைகளைப் பிரித்து, அக்கா வெட்டி அடுக்கி வைத்திருந்த சீருடைத் துணிமேல் காயப் போடுவாள். ஒருமுறை ஏதோ ஒரு நாட்டு ராணியின் சிவப்புச் சாயம் வெள்ளைக் காலரில் இறங்கிவிட்டது.

"நாளைக்கு அந்தப் பிள்ளை கழுத்துல ராணி முகத்தோட பள்ளிக்கூடம் போகட்டுமா?" என்று மீனியா கத்தினாள்.

"பின்பக்கமா தைச்சிடேன்கா. முடி மறைச்சிடும்."

மீனியா அந்தக் காலரைப் பிரித்துவிட்டுப் புதிதாகத்தான் தைத்தாள்.

வாங்கவும் விற்கவும் நம்பகமான இடம் தேடி பினா அலைந்த அலைச்சலை மீனியா அறிவாள். தபால் நிலையத்துக்கு வெளியே நடைபாதையில் துண்டு விரித்து விற்பவர்களிடம் முதலில் ஏமாந்தாள். ஓரத்துப் பற்களைக் கத்தரியால் புதிதாக வெட்டிய தபால்தலைகளை அபூர்வம் என்று தலையில் கட்டிவிட்டார்கள். பிறகு முகநூல் குழுக்களில் ஏமாந்தாள். படத்தில் ஒன்று, உறையில் வந்தது வேறொன்று. பசையைக் கழுவிவிட்டுப் புதுப் பசை தடவியதை "தொடாத சரக்கு" என்றார்கள். மணிலாவின் புழுக்கத்தில் எழுபது வருடம் கிடந்த தபால்தலையின் பின்புறம் பால்போல வெளுப்பாக இருக்குமா என்று அவளுக்குக் கேட்கத் தெரியவில்லை. அதற்குப் பிறகு தெரிந்துகொண்டாள். எதையும் பின்புறம் திருப்பி, சாய்த்து, வெளிச்சத்தில் பிடித்து, விரலால் பற்களைத் தடவிப் பார்க்காமல் வாங்குவதில்லை. பாதிரியார் கொடுத்த நன்கொடைத் தபால்தலைகளையே அப்படித்தான் பார்த்தாள். பாதிரியார் சிரித்துக்கொண்டே, "நான் பாவசங்கீர்த்தனம் கேட்கிறதவிட இது கஷ்டமா இருக்கே" என்றார்.

கடைசியாக எல்லோரும் காட்டிய இடம் ஞாயிறு மேசை. எஸ்கோல்டாவில் ஒரு பழைய உணவகத்தின் மாடியில், பூசைக்குப் பிறகு கூடும் சேகரிப்பாளர்கள். பல் டாக்டர் கபிக்டிங் அதற்குத் தலைவர். இரும்புச் சாமான் கடை வைத்திருந்த ஊய் இன்னொருவர். எல்லோருக்கும் மூத்தவர் அம்போ. பழைய நாணயமும் தபால்தலையும் விற்றே மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். வெள்ளை அரைக்கை ஜிப்பாவும் வெத்தலைப் பெட்டி மாதிரி ஒரு தகரப் பெட்டியும்தான் அவருடைய அடையாளம்.

அந்த மேசையில் அந்நியருக்கு யாரும் நல்ல சரக்கைத் திறந்து காட்டுவதில்லை. பினா நான்கு மாதம் போய் நூடுல்ஸ் சாப்பிட்டுவிட்டு வந்தாள். வழி கண்டுபிடித்தவள் மீனியா. பினாவின் மகள் ஜெலாவுக்கு ஞானஸ்நானம் வந்தது. "அம்போவ ஞானத்தகப்பனா கேளு" என்றாள். கேட்டார்கள். அவர் கண் கலங்கிச் சம்மதித்தார். மீனியா தைத்த வெள்ளைச் சட்டையில் குழந்தையைக் கையில் ஏந்தித் தண்ணீருக்கு நீட்டினார். அந்த நொடியிலிருந்து பினா அவருக்கு 'மாரே'. அவர் பினாவுக்கு 'கும்பாரே'. ரத்தம் இல்லாத உறவு, ஆனால் ரத்த உறவைவிடக் கண்டிப்பானது. அடுத்த ஞாயிறு பினாவுக்கு ஜன்னல் ஓரத்து நாற்காலி கிடைத்தது, தகரப் பெட்டியும் திறந்தது.

பெட்டியின் அடியில் இருந்தவை 'விக்டரி' தபால்தலைகள். யுத்தம் முடியும் தறுவாயில், 1944-இல் லெய்டேயில் தபால் நிலையம் மறுபடி திறந்தபோது, கையிருப்பில் இருந்த பழைய தபால்தலைகளின்மேல் 'விக்டரி' என்று ஊதா மையில் கைமுத்திரை குத்தி விற்றார்கள். மிகக் குறைவாகவே மிஞ்சியிருக்கின்றன. தான் பிறந்த தீவின் தபால்தலை. பினா ஒன்றை வாங்கினாள். வீட்டுக்குக் கொண்டுவந்து, கையைக் கழுவித் துடைத்துக்கொண்டுதான் அக்காவிடம் காட்டினாள்.

அதை இரண்டு வருடம் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்து, எஸ்கோல்டாவில் அரைக் கடை பிடித்த பிறகு செபு நகரத்துக் கப்பல் பொறியாளர் லியாந்த்ரோவுக்கு விற்றாள். "எங்கிட்ட வாங்கினது. கண்ண மூடிக்கிட்டு வெச்சுக்கங்க" என்று சொல்லி விற்றாள். அந்த வார்த்தையை மீனியா பக்கத்திலிருந்து கேட்டாள். தங்கை ஒரு வார்த்தை சொல்லி ஒரு ஆள் நம்பி வாங்குகிறான் என்பது அவளுக்குப் பெருமையாக இருந்தது.

மூன்று வாரம் கழித்து முகநூல் குழுவில் லியாந்த்ரோ அந்தத் தபால்தலையின் படத்தைப் போட்டிருந்தான். மேலே ஒரு வரி: 'உண்மையா, பொய்யா? தெரிந்தவர்கள் பார்த்துச் சொல்லுங்கள்.' கீழே பினாவின் கடைப் பெயர்.

மீனியா இடுப்புப்பட்டி தைத்துக்கொண்டிருந்தாள். பினா ஃபோனை நீட்டினாள். மீனியா படித்தாள். 'எஸ்கோல்டாவில் வாட்ச் பேட்டரி மாற்றினால் இது இலவசமா?' என்று ஒருவன். 'அந்தக் கடையில் நானும் வாங்கினேன், இப்போது வயிற்றைக் கலக்குகிறது' என்று இன்னொருவன். அதற்குக் கீழே போய்க்கொண்டே இருந்தது. ஊசி விரலில் ஏறியதை மீனியா உணரவில்லை. இடுப்புப்பட்டியில் ரத்தப் பொட்டு விழுந்த பிறகுதான் பார்த்தாள்.

லியாந்த்ரோவே கூப்பிட்டான். பினா ஒலிபெருக்கியில் போட்டாள்.

"பினாக்கா, நான் உங்கள திட்டுறதுக்குக் கூப்பிடல. படத்தப் பெருசு பண்ணிப் பாருங்க. முதல்ல ஊதா எழுத்து குத்துவாங்க. அப்புறம் விப்பாங்க. அப்புறம் ஒருத்தன் கடுதாசில ஒட்டுவான். கடைசியாத்தானே தபாலாபீஸ்காரன் கறுப்பு வட்டத்த அடிப்பான்?"

"ஆமா."

"அப்ப கறுப்பு மேல இருக்கணும். இதுல ஊதா மேல ஏறி உட்கார்ந்திருக்கு."

ஃபோனில் செருகும் சின்ன உருப்பெருக்கிக் கருவி பினாவிடம் இருந்தது. விற்பதற்கு முன் அதே கருவியில் எடுத்த படம் இன்னும் ஃபோனில் கிடந்தது. அழகுக்காக எடுத்த படம். இப்போது அதைப் பெரிதாக்கினாள். கறுப்பு வட்டத்தின் வளைவு 'வி' எழுத்துக்கு அடியில் புகுந்து மறுபக்கம் வெளியே வந்தது. பாலத்துக்கு அடியில் ஆறு ஓடுவதுபோல. சின்னக் குழந்தைக்குக் காட்டினாலும் சொல்லிவிடும்.

"இத நீ பார்க்கவே இல்லையா?" என்றாள் மீனியா. குரல் அவளுடையதாக இல்லை. "பாதிரியார் குடுத்ததத் திருப்பித் திருப்பிப் பார்த்தவ நீ!"

"அம்போ ஐயா குடுத்ததுக்கா."

கும்பாரே கொடுத்த மீதிச் சில்லறையை யார் அவர் எதிரிலேயே எண்ணிப் பார்ப்பார்கள்? பினா லென்ஸ் வைத்துப் பார்த்திருந்தேன் என்று சொல்லியிருந்தால்தான் மீனியா இன்னும் அதிகமாக அதிர்ந்திருப்பாள்.

"பணத்தத் திருப்பிக் குடுத்துடு" என்றாள் மீனியா. "சத்தம் இல்லாம. பெரியவர் பேரு வெளிய வர வேணாம்."

"பணத்த அனுப்பிடுறேன்கா, இன்னைக்கே. அதனால அந்தப் பையன் வாயி அடங்கும். மத்தவங்க? நாளைக்கு எங்கிட்ட எவன் வாங்குவான்? கடிகாரக்காரர் இன்னைக்கே கேட்டுட்டாரு, 'பலகைய ரெண்டு பேருக்கும் நடுவுல கொஞ்சம் மறைப்பா போட்டுக்கலாமா'ன்னு."

"அதுக்கு?"

"ஞாயித்துக்கிழம மேசையில கேக்கப் போறேன்."

"யார?"

"கும்பாரேயத்தான். மிச்சத்தயும் காட்டச் சொல்லிக் கேக்கப் போறேன்."

மீனியா துணியைக் கீழே வைத்தாள். "உம் புள்ளையத் தாங்கின கைடி அது! அந்தக் கை எதிர்ல லென்ஸ வெப்பியா? ஜெலாவுக்கு நாளைக்கு யாரு இருக்கா?"

"கடை போச்சுன்னா ஜெலாவுக்கு என்ன இருக்கு?"

இருவரும் அன்றைக்கு ஒரே தட்டில் சாப்பிடவில்லை.

ஞாயிறு அன்று மீனியாவும் கூடப் போனாள். தங்கையை நிறுத்தத்தான் போனாள். படியேறும்போதுகூட முழங்கையைப் பிடித்து இழுத்தாள். மேலே வழக்கம்போல நூடுல்ஸும் ஆவியில் வெந்த கொழுக்கட்டை ரொட்டியும் கலமான்சி எலுமிச்சையும் பரப்பியிருந்தன. டாக்டர் கபிக்டிங் வாயைத் துடைத்துக்கொண்டு, "வாங்க, முகநூல் நட்சத்திரம்!" என்றார். யாரோ சிரித்தார்கள். அம்போ சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, "உட்காரு மாரே. சாப்பிட்டியா?" என்றார்.

பினா உட்காரவில்லை. லியாந்த்ரோ திருப்பி அனுப்பியிருந்த தபால்தலையை மேசையில் வைத்தாள். கருவியைச் செருகி ஃபோனை நிமிர்த்தி நிறுத்தினாள். திரையில் ஊதா எழுத்தும் கறுப்பு வட்டமும் தட்டளவு பெரிதாகத் தெரிந்தன.

"இது பொய்ங்க" என்றாள். "நான்தான் வித்தேன். நான்தான் பார்க்காம வித்தேன்."

மேசையில் முள்கரண்டிகள் நின்றன.

"எங்கிட்ட வாங்கினதா?" என்று அம்போ கேட்டார்.

"ஆமாங்க கும்பாரே. உங்க பெட்டியில இருக்கற மத்ததயும் பார்க்கலாமா?"

அந்தக் கேள்வி வாயிலிருந்து வந்துவிட்டது. அந்த மேசை தொடங்கிய நாளிலிருந்து ஒருவரும் இன்னொருவரிடம் கேட்காத கேள்வி அது. அம்போவின் கழுத்தில் சிவப்பு ஏறியது. எழுந்து நின்றார்.

"என்னையா? என் கைமேலதான் உன் பொண்ணு தலையில தண்ணி விழுந்துச்சு. நான் ஏமாத்துக்காரனா?"

"நீங்க ஏமாத்தினீங்கன்னு நான் சொல்லல. பார்க்கலாமான்னுதான் கேக்குறேன்."

"சொன்னா என்ன, பார்க்கணும்னு கேட்டா என்ன! ரெண்டும் ஒண்ணுதான்!"

ஆனாலும் தகரப் பெட்டியை அவரே திறந்து, அவள் பக்கம் தள்ளினார். தள்ளிய வேகத்தில் எலுமிச்சை உருண்டு கீழே விழுந்தது. பினா இடுக்கியால் முதலாவதை எடுத்துக் கருவிக்கு அடியில் வைத்தாள். கறுப்புக்கு மேலே ஊதா. இரண்டாவது. கறுப்புக்கு மேலே ஊதா. பெட்டியில் இருந்த கடைசி விக்டரி வரை அப்படித்தான்.

அம்போ திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். மீனியா அவர் முகத்தைப் பார்த்தாள். ஏமாற்றுக்காரன் பிடிபட்ட முகம் அல்ல அது. கையில் பிடித்திருந்த பிள்ளை வேறு யாருடைய பிள்ளையோ என்று தெரிந்துகொண்டவன் முகம்.

"இது நான் செஞ்சதில்ல" என்றார் மெதுவாக. "டாக்டர்தான் எனக்குக் குடுத்தாரு. அவரு என் மூத்தவனுக்கு ஞானத்தகப்பன்."

எல்லாத் தலையும் டாக்டர் பக்கம் திரும்பியது. டாக்டர் கபிக்டிங்கின் கை நெஞ்சில் இருந்தது. "எனக்கு ஊய் குடுத்தான். நான் அவன் பொண்ணுக்கு... அடக் கடவுளே, ஊய்!"

ஊய் நூடுல்ஸை விழுங்க முடியாமல் நின்றார். "எங்கிட்ட ஏன் பாக்குறீங்க? எனக்கு நம்ம கர்னல் குடுத்தாரு. நம்மகூட இதே மேசையில உட்கார்ந்திருந்து செத்துப்போன கர்னல். என் ரெண்டு பசங்களையும் அவர்தான் தாங்கினாரு."

"என் பொண்ணையும் அவர்தான்" என்றார் டாக்டர்.

"என் கடைசிப் பையனையும்" என்றார் மேசையின் ஓரத்தில் ஒருவர்.

டாக்டர் தன் ஆல்பத்தைக் கொண்டுவரச் சொல்லி ஆளை அனுப்பவில்லை. அது அவர் பையிலேயே இருந்தது. திறந்தார். ஊயும் திறந்தார். ஒவ்வொன்றாகத் திரையில் வந்தது. ஒவ்வொன்றிலும் அதே ஊதா, அதே இடத்தில், அதே கறுப்பு வட்டத்தின்மேல். ஒரே ஒரு தபால்தலையில் மட்டும் கறுப்பு வட்டமே இல்லை. "இது சரியா இருக்குமா?" என்று ஊய் ஆசையாகக் கேட்டார். "தெரியலங்க" என்றாள் பினா. அவளுக்கு நிஜமாகவே தெரியவில்லை.

கீழே சமையல்கட்டில் எண்ணெய் கொதிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. படித்தவர்கள், லென்ஸைப் பையிலேயே வைத்திருப்பவர்கள், நடைபாதைக்காரனிடம் ஒரு காசுத் தபால்தலை வாங்கினாலும் சாய்த்துப் பார்ப்பவர்கள். முப்பது வருடமாக இந்த ஊதா எழுத்துகளைக் கையிலிருந்து கைக்குக் கொடுத்திருக்கிறார்கள். ஒவ்வொரு கையும் ஒரு ஞானஸ்நானத்தில் இன்னொரு கையோடு கட்டப்பட்ட கை. ஒருவர்கூட உற்றுப் பார்க்கவில்லை.

கடைசியில் டாக்டர்தான் வாயைத் திறந்தார். "நானூறு பல்ல பிடுங்கியிருப்பேன் இந்தத் தெருவுல. ஒவ்வொரு வாயையும் டார்ச் அடிச்சுப் பார்த்தேன். இத மட்டும் பார்க்கணும்னு தோணவே இல்லையேப்பா."

"கும்பாரேயோட வாயத் திறந்து பார்ப்பீங்களா?" என்று ஊய் கேட்டார்.

"பல்லு வலின்னு அவனே வந்தாப் பார்ப்பேன்."

ஊய் சிரிக்கத் தொடங்கினார். பாதியிலேயே நிறுத்திக்கொண்டார். அம்போ தகரப் பெட்டியை அப்படியே விட்டுவிட்டு, தொப்பியை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார்.

வீட்டுக்கு வரும் ஜீப்னி வண்டியில் பினா அழுதாள். மீனியா அழவில்லை. நிறுத்தப் போனவள், நிறுத்தாமல் நின்றுவிட்டாள். தன் தங்கை ஒரு மேசை நிறைய ஆண்களுக்கு எதிரில் நின்றதை அவள் மனம் இன்னும் நம்பவில்லை. பயத்தில் விரலில் சுற்றியிருந்த கழுத்து நாடாவை, பாதி தூரம் வந்தபோதுதான் அவிழ்த்தாள்.

பினா அன்றைக்கே குழுவில் எழுதினாள். தபால்தலை பொய் என்றும், பணம் திரும்பிப் போய்விட்டது என்றும், தான் பார்க்காமல் விற்றதாகவும் எழுதினாள். எங்கிருந்து வந்தது என்று கேட்டவர்களுக்குப் பதில் எழுதவில்லை. "அதயும் சொல்லிடேன், உன் பழி போகும்" என்று கடிகாரக்காரர் சொன்னார். "என் கையிலிருந்துதானே போச்சு" என்றாள். அவர் மறைப்புப் பலகையை நடுவில் போடவில்லை, எடுத்துப் போகவும் இல்லை. சுவரில் சாய்த்து வைத்திருந்தார்.

அடுத்த ஞாயிறு அம்போவின் நாற்காலி காலியாக இருந்தது. அதற்கு அடுத்ததும். மேசையில் டாக்டரும் ஊயும் ஒரு ஏற்பாட்டுக்கு வந்திருந்தார்கள். இனி மேசையில் விற்கும் விலை உயர்ந்த எதையும், யார் யாருக்கு என்ன உறவானாலும், எல்லோர் எதிரிலும் கருவிக்கு அடியில் வைக்க வேண்டும். மூன்று பேர் பார்த்து ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். அந்தத் தாள் இருந்தால்தான் விற்பனை. மூன்றாவது கை யாருடையது என்று மட்டும் முடிவாகவில்லை. மூத்தவர் அம்போ இல்லாமல் அந்த இடத்தை எடுத்துக்கொள்ள யாருக்கும் மனம் வரவில்லை.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றில், பூசை முடிந்து ஜெலாவோடு கோயில் வாசலில் நின்றிருந்த பினாவுக்கு எதிரில் அம்போ வந்து நின்றார். பக்கத்தில் இருந்த மீனியா ஜெலாவின் கையைப் பிடிக்கப் பார்த்தாள். குழந்தை ஓடிப்போய், பெரியவர்களிடம் ஆசி வாங்கும் முறைப்படி அவர் கையை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டது. அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"உன் பேர் வெளிய கிழிஞ்சுது. என் பேர நீ எழுதல" என்றார் பினாவிடம். "ஏன்?"

"எழுதி என்னங்க ஆகப் போகுது?"

"அப்ப ஏன் மேசையில கேட்ட?"

"மேசையில இருக்கறவங்கதானே மறுபடியும் விப்பாங்க. வெளிய இருக்கறவங்க இல்லையே."

அம்போ மீனியா பக்கம் திரும்பி, "இவ சின்ன வயசுலயும் இப்படித்தானா?" என்று கேட்டார்.

"துணியில சாயத்த இறக்கிட்டு, பின்பக்கமா தைக்கச் சொன்னவதாங்க இவ" என்றாள் மீனியா. "இப்பதான் முன்பக்கமா காட்டுறா."

மூவரும் மேசைக்குப் போனார்கள். அம்போ உட்கார்ந்ததும் எல்லோரும் எழுந்து மறுபடி உட்கார்ந்தார்கள். டாக்டர் முதல் தாளை எடுத்து வைத்தார். முதலில் பார்க்க வேண்டியது எது என்பதில் சந்தேகமே இல்லை. லியாந்த்ரோ திருப்பி அனுப்பிய, பினா விற்ற தபால்தலை. டாக்டர் பார்த்தார், 'பொய்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஊய் போட்டார். பேனா அம்போவிடம் வந்தது.

அவர் அதை எடுத்து பினாவின் பக்கம் நகர்த்தினார்.

"என் பொருளுக்கு நானே எப்படிங்க போடுறது?" என்றாள் அவள்.

"விக்கிறவளே பொய்னு எழுதட்டும். இதுக்கு மேல எந்த எடத்த நம்புவாங்க? போடு மாரே. அப்புறம் என் பெட்டிய எடு, ஒண்ணொண்ணாப் பார்க்கலாம்."

அரைக் கடை கடிகாரக்காரர் பெயரில் இருந்தது. ரசீதுகளில் அவருடைய ரப்பர் முத்திரைதான் விழும். இத்தனை வருடத் தொழிலில் பினா எதிலும் தன் பெயரை எழுதியதில்லை. மீனியா அவள் தோளுக்குப் பின்னால் நின்று, எழுத்து கோணாமல் விழ வேண்டுமே என்று மூச்சைப் பிடித்துக்கொண்டாள். ருஃபீனா தகுயான் என்று முழுப் பெயரையும் அவள் எழுதி முடித்தாள். பக்கத்தில் டாக்டர் தேதி போட்டார். 2017 ஆகஸ்ட் 13, ஞாயிற்றுக்கிழமை.